சேர்வதும் பிரிவதும்: வேதி வினைகளின் வகைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வேதியியல் என்றவுடனேயே நம் தோழியருள் பலர் முகம் சுளிக்கின்றனர். சோதனைச் சாலையின் நெடியும், எவ்வளவு முயன்றாலும் சமன் ஆகாத சமன்பாடுகளும், தேர்வுக்கு முந்திய இரவில் மனப்பாடம் செய்யும் வினைகளின் நீண்ட பட்டியலுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நாம் சோதனைச் சாலைக்குள் நுழைவதற்கு முன்பே, காலையில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போதே வேதியியல் தொடங்கிவிடுகிறது. இட்லி மாவு பொங்குவதும், இரும்பு வாளி துருப்பிடிப்பதும், புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் பளபளப்பதும் வேதி வினைகளே.

உலகில் நடைபெறும் வேதி வினைகள் எண்ணில் அடங்கா. அவை அனைத்தையும் தனித்தனியே நினைவில் வைக்க யாராலும் இயலாது. நல்ல வேளையாக, அவற்றுள் பெரும்பாலானவற்றை நான்கு வகைகளுக்குள் அடக்கிவிடலாம். வகையைக் கண்டுகொண்டால், இரண்டு பொருள்களைச் சேர்த்தால் என்ன உண்டாகும் என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லத் தெரிந்தவளுக்கு எதைத் துணிந்து செய்யலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே இந்தப் பாடம் மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. நம்மையும் நம் வீட்டாரையும் காத்துக்கொள்வதற்காகவும்தான்.

வேதி வினை என்றால் என்ன?

பனிக்கட்டி உருகி நீராகிறது. அதை மீண்டும் குளிர்வித்தால் பனிக்கட்டியாகிறது. இங்கே புதிய பொருள் எதுவும் தோன்றவில்லை. இது இயற்பியல் மாற்றம். ஆனால் ஒரு காகிதத்தை எரித்தால் சாம்பலும் புகையுமே எஞ்சுகின்றன. அவற்றைக் குளிர்வித்தால் காகிதம் திரும்ப வருமா? வராது. முற்றிலும் புதிய பொருள்கள் தோன்றிவிட்டன. இதுவே வேதி மாற்றம்.

வினையில் ஈடுபடும் பொருள்களை வினைபடு பொருள்கள் என்றும், உண்டாகும் பொருள்களை வினைவிளை பொருள்கள் என்றும் அழைக்கிறோம். நிறம் மாறுதல், வாயு வெளிவருதல், தெளிந்த கரைசலில் வீழ்படிவு தோன்றுதல், வெப்பம் வெளிப்படுதல் அல்லது உறிஞ்சப்படுதல் ஆகியவை வேதி வினை நடப்பதற்கான அடையாளங்கள்.

எந்த வினையிலும் அணுக்கள் புதிதாகப் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. அவை தம் கூட்டாளிகளை மட்டுமே மாற்றிக்கொள்கின்றன. ஆகையால் வினைக்கு முன் இருந்த மொத்த நிறையும் வினைக்குப் பின் உள்ள மொத்த நிறையும் சமமாகவே இருக்கும். இதுவே பொருண்மை அழியா விதி.

இவ்விதியைத் தராசு கொண்டு நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டின் லவாய்சியர். அவர் பாதரசத்தை ஒரு மூடிய கலத்தில் 12 நாள்கள் சூடாக்கினார். அதன் மேல் சிவந்த பொடி படிந்தது. கலத்திலிருந்த காற்று குறைந்தது. பிறகு அச்சிவந்த பொடியை இன்னும் அதிகமாகச் சூடாக்கியபோது பாதரசமும், குறைந்துபோன அந்த வாயுவும் திரும்பக் கிடைத்தன. அந்த வாயுவே ஆக்ஸிஜன். இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி 1774-ஆம் ஆண்டிலேயே இதே சிவந்த பொடியிலிருந்து அந்த வாயுவைப் பிரித்து, அதில் மெழுகுவர்த்தி சுடர்விட்டு எரிவதைக் கண்டிருந்தார். ஆனால் எரிதல் என்பது ஆக்ஸிஜனுடன் சேர்தலே என்று தெளிவாக விளக்கியவர் லவாய்சியர்.

இவ்விடத்தில் நாம் மறக்கக் கூடாத பெண்மணி ஒருவர் உண்டு. அவர் லவாய்சியரின் மனைவி மரி ஆன். நம்மைப் போலவே கன்னியர் மடத்தில் கல்வி கற்ற அவர், 1771-ஆம் ஆண்டு தமது 13-ஆம் வயதில் லவாய்சியரை மணந்தார். கணவருக்காக ஆங்கில அறிவியல் நூல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். சோதனைக் குறிப்புகளை எழுதினார். 1789-ஆம் ஆண்டு வெளிவந்த லவாய்சியரின் புகழ்பெற்ற வேதியியல் நூலுக்கான கருவிப் படங்களை வரைந்தவரும் அவரே. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், அவருடைய கணவரும் தந்தையும் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அத்துயரத்திற்குப் பின்னும் அவர் கணவரின் ஆய்வுரைகளைத் தொகுத்து வெளியிட்டார். வேதியியலின் தொடக்கப் பக்கங்களில் ஒரு பெண்ணின் கையெழுத்தும் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை அன்றோ?

கோலாட்டமும் அணுக்களும்

நம் பள்ளி விழாக்களில் ஆடும் கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே நிற்கும் இருவர் ஜோடி சேரலாம். ஜோடியாக நிற்பவர்கள் பிரியலாம். ஒரு ஜோடிக்குள் மூன்றாமவள் ஒருத்தி நுழைந்து, ஒருத்தியை விலக்கிவிட்டு அவள் இடத்தைப் பிடிக்கலாம். இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் கூட்டாளிகளை மாற்றிக்கொள்ளலாம். இந்த நான்கு அசைவுகளே நான்கு வகை வினைகள்.

1. சேர்க்கை வினை

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் சேர்ந்து ஒரே ஒரு பொருளாவது சேர்க்கை வினை. மக்னீசியம் நாடாவைப் பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் வெண்ணிற ஒளியுடன் எரிந்து வெண்பொடியாவதைச் சோதனைச் சாலையில் அனைவரும் பார்த்திருப்போம்.

மக்னீசியம் + ஆக்ஸிஜன் → மக்னீசியம் ஆக்ஸைடு

எரிந்த பொருள் குறைந்துவிட்டதாக நாம் எண்ணுவோம். ஆனால் அந்த வெண்பொடியை நிறுத்துப் பார்த்தால் முதலில் இருந்த மக்னீசியத்தைவிடக் கூடுதலாக இருக்கும். சேர்ந்துகொண்ட ஆக்ஸிஜனின் நிறையே அந்தக் கூடுதல்.

சேர்க்கை வினைகளில் பெரும்பாலானவை வெப்பத்தை வெளிவிடுகின்றன. அடுப்புக் கரி எரிவதும் சேர்க்கையே. ஆனால் இங்கே ஒரு முக்கியமான செய்தி உண்டு. சேரும் அளவு மாறினால் உண்டாகும் பொருளும் மாறிவிடும். போதிய காற்று இருந்தால் 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்ஸிஜனுடன் சேர்ந்து 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு ஆகிறது. காற்று போதாவிட்டால் அதே 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்ஸிஜனுடன் மட்டும் சேர்ந்து 28 கிராம் கார்பன் மோனாக்ஸைடு ஆகிறது. முன்னது நாம் மூச்சில் வெளிவிடும் வாயு. பின்னது நிறமும் மணமும் இல்லாத கொடிய நஞ்சு. அது எவ்வாறு கொல்கிறது என்பதை மூன்றாம் வகையில் பார்ப்போம்.

2. சிதைவு வினை

இது சேர்க்கைக்கு நேர் எதிரானது. ஒரே பொருள் உடைந்து இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களாவது சிதைவு வினை. சேர்ந்திருப்பதைப் பிரிக்க ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் வெப்பமாகவோ, மின்சாரமாகவோ, ஒளியாகவோ இருக்கலாம்.

வெப்பத்தால் சிதைவதற்கு ஆப்ப சோடா நல்ல எடுத்துக்காட்டு. அதன் வேதிப் பெயர் சோடியம் பைகார்பனேட்.

சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + நீர் + கார்பன் டை ஆக்ஸைடு

இவ்வாறு வெளிவரும் வாயுக் குமிழிகளே மாவுக்குள் சிக்கிப் பலகாரத்தை உப்பச் செய்கின்றன. சோடாவை அளவுக்கு மீறிப் போட்டால் பலகாரம் ஏன் கசக்கிறது என்பதும் இச்சமன்பாட்டிலேயே தெரிகிறது. எஞ்சி நிற்கும் சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, காரத்தன்மை உடையது. மாவில் தயிர் சேர்ந்திருந்தால் அதன் புளிப்பு சோடாவுடன் வினைபுரிந்துவிடும். ஆகையால் கசப்பு குறையும்.

மின்சாரத்தால் சிதைவதற்கு நீரே சான்று. சிறிது அமிலம் கலந்த நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு மின்வாயில் ஹைட்ரஜனும் மற்றதில் ஆக்ஸிஜனும் வெளிவருகின்றன. ஹைட்ரஜனின் கன அளவு ஆக்ஸிஜனைப் போல இரு மடங்கு. உருகிய சேர்மங்களில் மின்சாரத்தைச் செலுத்தியே 1807-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில அறிஞர் பொட்டாசியம், சோடியம் என்ற இரு உலோகங்களை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்.

ஒளியால் சிதைவதற்கு வெள்ளி புரோமைடு எடுத்துக்காட்டாகும். வெளிச்சம் பட்ட இடத்தில் அது சிதைந்து நுண்ணிய வெள்ளித் துகள்கள் கருமையாகத் தோன்றும். நம் தாத்தா பாட்டியின் திருமணப் படங்களை எடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம் இந்த வினையைக் கொண்டே வேலை செய்தது.

3. இடப்பெயர்ச்சி வினை

ஒரு தனிமம், ஒரு சேர்மத்தில் உள்ள மற்றொரு தனிமத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வது இடப்பெயர்ச்சி வினை. மயில்துத்தக் கரைசலில், அதாவது தாமிர சல்பேட்டுக் கரைசலில், ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வையுங்கள். சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செம்பு படியும். கரைசலின் நீல நிறம் மெல்ல வெளிறி இளம்பச்சையாகும்.

இரும்பு + தாமிர சல்பேட்டு → இரும்பு சல்பேட்டு + தாமிரம்

இதை மறுபுறமாகச் செய்து பாருங்கள். இரும்பு சல்பேட்டுக் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. ஏன்? வினைபுரியும் ஆற்றல் எல்லா உலோகங்களுக்கும் ஒன்றுபோல் இல்லை. ஆற்றல் மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தினால் இவ்வாறு அமையும்:

பொட்டாசியம், சோடியம், கால்சியம், மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், வெள்ளி, தங்கம்.

மேலே உள்ளது கீழே உள்ளதை அதன் சேர்மத்திலிருந்து வெளியேற்றும். கீழே உள்ளது மேலே உள்ளதை வெளியேற்றாது. இந்த ஒரு வரிசை தெரிந்தால் எத்தனையோ செய்திகள் விளங்குகின்றன. சோடியம் நீரிலிருந்தே ஹைட்ரஜனை வெளியேற்றித் தீப்பற்ற வல்லது. ஆகவேதான் அதை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்துப் பாதுகாக்கிறார்கள். தங்கம் கடைசியில் இருப்பதால் காற்றோடும் நீரோடும் வினைபுரிவதில்லை. ஆகவேதான் தலைமுறைகள் கடந்தாலும் நகை மங்காமல் இருக்கிறது.

இரயில் தண்டவாளங்களை ஒட்டவைப்பதற்கும் இந்த வகை வினை பயன்படுகிறது. அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்ஸைடையும் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் இரும்பை வெளியேற்றிவிட்டு ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது ஏறத்தாழ 2,500 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் உண்டாவதால் இரும்பு உருகித் தண்டவாளங்களின் இடைவெளியில் பாய்ந்து உறைகிறது. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இனி, முன்பு கூறிய கார்பன் மோனாக்ஸைடுக்கு வருவோம். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், நுரையீரலில் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் கொண்டு செல்கிறது. கார்பன் மோனாக்ஸைடோ, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஹீமோகுளோபினைப் பற்றக் கூடியது. அது தனிமம் அன்று. ஆயினும் அது செய்யும் வேலை இடப்பெயர்ச்சியே. ஆக்ஸிஜனைத் தள்ளிவிட்டு அதன் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது. மலை ஊர்களில் குளிருக்கு அஞ்சி, கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவோர் காலையில் எழாமற்போவது இதனால்தான். நெடி இல்லாததால் அபாயம் தெரிவதில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கமும் குமட்டலும், பிறகு உறக்கம். அந்த உறக்கமே இறுதி உறக்கமாகிவிடும்.

இந்த வினை மீளக் கூடியது என்பது நமக்கு ஓர் ஆறுதல். பாதிக்கப்பட்டவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, மருத்துவமனையில் மிகுதியான ஆக்ஸிஜனைச் செலுத்தினால், ஆக்ஸிஜன் தன் இடத்தைச் சிறிது சிறிதாக மீட்டுக்கொள்ளும்.

4. இரட்டை இடப்பெயர்ச்சி வினை

இரண்டு சேர்மங்கள் தங்கள் பகுதிகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்வது இரட்டை இடப்பெயர்ச்சி வினை. இரட்டைச் சிதைவு என்றும் இதைக் கூறுவர். பெரும்பாலும் இவ்வினையில் கரையாத ஒரு பொருள் வீழ்படிவாகத் தோன்றும்.

பேரியம் குளோரைடு + சோடியம் சல்பேட்டு → பேரியம் சல்பேட்டு + சோடியம் குளோரைடு

கண்ணாடி போன்ற இரு கரைசல்களைக் கலந்தவுடன் பால் போன்ற வெண்மை தோன்றும். அந்த வெண்மையே பேரியம் சல்பேட்டு. பேரியம் குளோரைடு நீரில் கரைவதால் உடலுக்குள் சென்றால் கடும் நஞ்சு. ஆனால் பேரியம் சல்பேட்டு கரைவதே இல்லை. குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. எக்ஸ் கதிர்கள் அதை ஊடுருவிச் செல்ல இயலாததால், வயிற்றையும் குடலையும் படம் எடுக்கும் முன் மருத்துவர்கள் அதைக் கூழாகக் கலக்கி நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கின்றனர். ஒரே பேரியம்தான், சேர்ந்திருக்கும் கூட்டாளியைப் பொறுத்து நஞ்சாகவும் ஆகிறது, நோயறியும் துணையாகவும் ஆகிறது!

வீட்டில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். சில ஊர்க் கிணற்று நீரில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைப்பதில்லை. அந்நீரில் உள்ள கால்சியம் உப்புகள் சோப்புடன் பண்டமாற்றுச் செய்து, கரையாத பிசுக்காக மாறி மிதக்கின்றன. கால்சியம் முழுவதும் தீர்ந்த பின்னரே நுரை வரும். அதற்குள் பாதிச் சோப்பு வீணாகிவிடும்.

அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகும் நடுநிலையாக்கல் வினையும் இந்த வகையைச் சேர்ந்ததே. நம் இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. அது மிகுந்து நெஞ்செரிச்சல் உண்டானால் மருத்துவர் தரும் வெண்ணிறக் கூழில் பெரும்பாலும் மக்னீசியம் ஹைட்ராக்ஸைடு இருக்கும். அது அமிலத்தை நடுநிலையாக்குகிறது.

பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்குவதும் இதை ஒத்ததே. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், பாத்திரத்தின் மேல் படிந்த ஆக்ஸைடைக் கரையும் உப்பாக மாற்றிக் கழுவிவிடுகிறது. புளிக்குழம்பைப் பித்தளையில் வைக்கக் கூடாது என்று பாட்டிமார் கூறுவதன் காரணமும் இதுவே. துலக்கும்போது நீரோடு போய்விடும் செம்பு உப்பு, குழம்பில் என்றால் நம் வயிற்றுக்குள் போகும். இதைத் தடுக்கத்தான் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசும் வழக்கம் ஏற்பட்டது. ஈயம் என்று கூறினாலும் அதற்கு உரியது வெள்ளீயமே.

ஒரு கல்லின் சுற்றுப் பயணம்

இதுவரை பார்த்த வகைகள் ஒன்றையொன்று தொடர்ந்து நடப்பதைச் சுண்ணாம்பில் காணலாம். 100 கிராம் தூய சுண்ணாம்புக் கல்லை எடுத்துக்கொள்வோம்.

காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் அது சிதைகிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்ச, 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் கலக்கிறது. இது சிதைவு.

அந்தச் சுட்ட சுண்ணாம்பின் மேல் நீர் ஊற்றினால் 18 கிராம் நீருடன் சேர்ந்து 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அப்போது எழும் வெப்பத்தில் மீதி நீர் கொதித்துத் தெறிக்கும். இது சேர்க்கை.

நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் பூசுகிறோம். அது காற்றிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடைச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொண்டு, 18 கிராம் நீரை வெளிவிட்டு, மீண்டும் 100 கிராம் சுண்ணாம்புக் கல்லாகச் சுவரில் இறுகிவிடுகிறது. இது நடுநிலையாக்கலைச் சேர்ந்தது.

புறப்பட்ட இடத்திற்கே கல் திரும்பி வந்துவிட்டது. கணக்கில் ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லவாய்சியரின் விதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வெள்ளை வெளேரென்று எழுதப்பட்டிருக்கிறது!

ஆக்ஸிஜனேற்றமும் ஒடுக்கமும்

மேற்கூறிய நான்கு வகைகளையும் அணுக்களின் சேர்க்கையையும் பிரிவையும் கொண்டு வகுத்தோம். வேறொரு கோணத்திலிருந்தும் வினைகளைப் பார்க்கலாம். ஒரு பொருள் ஆக்ஸிஜனைப் பெறுவது அல்லது எலக்ட்ரான்களை இழப்பது ஆக்ஸிஜனேற்றம். ஆக்ஸிஜனை இழப்பது அல்லது எலக்ட்ரான்களைப் பெறுவது ஒடுக்கம். ஒருவர் கொடுத்தால்தானே மற்றவர் பெற முடியும்? ஆகவே இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். தண்டவாள வினையில் அலுமினியம் ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. இரும்பு ஆக்ஸைடு ஒடுக்கம் அடைகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், நாம் உண்ட உணவு உடலுக்குள் ஆற்றலாவதும் ஆக்ஸிஜனேற்றமே.

ஒரு தீக்குச்சியின் கதை

தீக்குச்சியை உரசும் அந்த ஒரு நொடியில் பல வினைகள் நடந்துவிடுகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பூசப்பட்டுள்ளன. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகம் போன்ற எரியும் பொருளும் உள்ளன. உரசிய சூட்டில் சிறிதளவு பாஸ்பரஸ் பற்றிக்கொள்கிறது. அந்த வெப்பத்தில் பொட்டாசியம் குளோரேட் சிதைந்து ஆக்ஸிஜனைத் தருகிறது. அந்த ஆக்ஸிஜனுடன் கந்தகம் சேர்ந்து எரிகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, அப்போது உண்டாகும் கந்தக டை ஆக்ஸைடுதான். சிதைவு, சேர்க்கை, ஆக்ஸிஜனேற்றம் ஆகிய மூன்றும் ஒரு குச்சியின் தலைக்குள்!

ஆனால் தீக்குச்சிக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. முற்காலத் தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸைப் பயன்படுத்தினர். சிவப்பும் வெள்ளையும் ஒரே தனிமம்தான். ஆனால் அணுக்கள் அமைந்துள்ள முறை வேறு. வெள்ளைப் பாஸ்பரஸ் எங்கு உரசினாலும் பற்றக் கூடியது. நச்சுத் தன்மை உடையது. அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகிவிடும். சுவீடன் நாட்டில் 1844-ஆம் ஆண்டிலேயே சிவப்புப் பாஸ்பரஸ் கொண்ட தீக்குச்சிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. இருந்தும் வெள்ளைப் பாஸ்பரஸின் மலிவை எண்ணிப் பல முதலாளிகள் அதையே பயன்படுத்தி வந்தனர்.

1888-ஆம் ஆண்டில் லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுள் பலர் நம் வயதினர். குறைந்த கூலியையும், கொடுமையான அபராதங்களையும், இந்நோயையும் குறித்து நாளிதழ்களும் மக்களும் பேசும்படி எழுதியவர் அன்னி பெசன்ட் அம்மையார். பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, இந்திய விடுதலைக்காகவும் பாடுபட்ட அதே அம்மையார்தான். வேலை நிறுத்தம் வென்றது, அபராதங்கள் ஒழிந்தன. 1906-ஆம் ஆண்டு பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி, தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்ய உடன்பட்டன. காப்புரிமைக்கும் அந்த உடன்பாட்டிற்கும் இடையே 62 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அறிவு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

ஆகவே நாம் கற்ற அறிவையாவது உடனே பயன்படுத்துவோம்.

அடைத்த அறைக்குள் கரி அடுப்பையோ கரிச் சட்டியையோ வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. குளிர் அடித்தாலும் காற்று வர வழி வேண்டும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றும் இடத்தில் குழந்தைகளை விடக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வலிமையான காரமே. கண்ணில் பட்டால் கசக்காமல், உடனே நிறைய நல்ல நீரை விட்டுக் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரத்தை நடுநிலையாக்கலாம் என்று எண்ணி எலுமிச்சைச் சாற்றையோ வேறு அமிலத்தையோ கண்ணில் விடவே கூடாது. அவ்வினையின் வெப்பமும் அமிலமும் கண்ணுக்கு மேலும் கேடு செய்யும்.

குளியலறையைக் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. தனித்தனியே இரண்டும் அழுக்கையும் கிருமியையும் போக்குபவை. சேர்ந்தால் ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினை நடந்து குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு படைவீரர்கள் மீது ஏவப்பட்ட நச்சு வாயு அதுவே.

சோதனைச் சாலையில் அடர் அமிலத்தில் நீரை ஊற்றாமல், நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும் என்று ஆசிரியைகள் வலியுறுத்துவதும், வெளிப்படும் வெப்பத்தை எண்ணியே.

முடிவுரை

சேர்தல், பிரிதல், இடம் பிடித்தல், மாற்றிக்கொள்ளல் என்ற நான்கு அசைவுகளுக்குள் அடுப்பும், சுவரும், மருந்தும், தண்டவாளமும், நம் மூச்சும் அடங்கியிருக்கின்றன. தோழியரே, இனி ஒரு சமன்பாட்டைக் காணும்போது அதை மனப்பாடம் செய்யும் முன், இங்கே யார் யாருடன் சேர்கிறார், யார் விலகுகிறார் என்று ஒரு கணம் கேட்டுப் பாருங்கள். விடை தானே வரும். கற்றதை வீட்டிலுள்ள தாய்மாருக்கும் தம்பி தங்கையருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஒரு சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் சிறு சொல், ஓர் உயிரையே காக்கக் கூடும்.